மாறாத கனவு

கனவு என்பது வரப்போவதை முன்னறிவிக்கும் தூது என்று நம்பியவர்கள் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தேவந்திக்கு உரைக்கும் கனவும், கோவலன் மாடலனிடம் சொல்லும் கனவும், கோப்பெருந்தேவி நடுங்கிக் கூறும் கனவும் இனி நிகழவிருக்கும் கேட்டினைக் காட்டுபவை. அசோகவனத்தில் திரிசடை கண்ட கனவோ அரக்கர் குலத்தின் அழிவைச் சொல்லிச் சீதையைத் தேற்றியது. இவை யாவும் நாளையைப் பற்றிய கனவுகள். மனித சித்தத்தில் இவற்றுக்கு நேர்மாறான கனவு ஒன்றும் உண்டு. நடந்து முடிந்துபோன ஒரு சம்பவம் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது என்று இரவுதோறும் சாதிக்கும் கனவு அது.

அந்தக் கனவையும் நம் இதிகாசம் அறிந்தே இருக்கிறது. வால்மீகி ராமாயணத்து ஆரண்ய காண்டத்தில், சீதையைக் கவர்வதற்குத் துணை வருமாறு இராவணன் வற்புறுத்தும்போது, மாரீசன் தன் நிலையை எடுத்துரைக்கிறான். இராமனுடைய பாணங்களுக்கு இருமுறை தப்பிப் பிழைத்துத் தவவேடம் பூண்டு வனத்தில் ஒடுங்கிக் கிடக்கும் அவனுக்கு, மரந்தோறும் மரவுரி தரித்து வில்லேந்திய இராமனே தென்படுகிறான். ஆளற்ற இடத்தில் காடு முழுவதுமே இராமனாகத் தோன்றுகிறது. சொப்பனத்திலும் அவனைக் கண்டு அறிவு கலங்குகிறான். இரத்தினம், இரதம் என அந்தப் பெயரின் முதலெழுத்தில் தொடங்கும் சொல் காதில் விழுந்தாலே நடுங்குகிறான். அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்ப்பட்டியலில், பேரதிர்ச்சிக்குப் பின் நேரும் மனநோய் என்று ஒன்றை முதன்முறையாகப் பிரித்து வகுத்தபோது அதற்குக் கூறிய இலட்சணங்களில் முக்கியமானவை, அதாவது பழைய சம்பவத்தை நினைவூட்டும் அற்பக் குறிகளும் திகிலூட்டுவது, ஓயாத விழிப்பு, ஒதுங்கி வாழ்தல், திரும்பத் திரும்ப வரும் துர்ச்சொப்பனம் ஆகியவை, மாரீசனுடைய வாக்குமூலத்தில் ஏறக்குறைய முழுமையாக இருக்கின்றன. நோய் பழையது, அதைக் கூர்ந்து ஆராய்ந்த வரலாறுதான் புதியது.

கெட்ட கனவெல்லாம் இவ்வகையைச் சேர்ந்ததன்று. பரீட்சைக்குப் பிந்திப் போவதும், உயரத்திலிருந்து விழுவதும், யாரோ துரத்திவரக் கால் கனத்து ஓடமுடியாமல் தவிப்பதும் யாவருக்கும் பொதுவானவை. விடிந்து பல் துலக்குவதற்குள் அவற்றில் பாதி மறந்துவிடும். போர்க்களம் கண்டுவந்த அமெரிக்கச் சிப்பாய்களின் துர்ச்சொப்பனங்களை, இளமை முதற்கொண்டே கெட்ட கனவு காணும் சுபாவமுடைய மற்றவர்களின் கனவுகளோடு ஒப்பிட்டு, பெசல் வான் டெர் கோல்க் என்பாரும் அவருடைய சகாக்களும் 1984-இல் எழுதிய ஆராய்ச்சியில் இரண்டுக்குமுள்ள பேதம் தெளிவாக வெளிப்பட்டது. போர்க்கனவு இரவின் முற்பகுதியிலேயே வந்துவிடுகிறது. நடந்த சம்பவத்தைப் பெரும்பாலும் நடந்தபடியே திருப்பி நடத்துகிறது. காண்பவனுடைய உடலும் அதனோடு சேர்ந்து உதறுகிறது. வியத்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியோரிடையே நடத்தப்பட்ட பேராய்வில், அதிர்ச்சி நோயுற்றவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் அடிக்கடி துர்ச்சொப்பனம் கண்டார்கள் என்றும், ஒப்பிடுவதற்காகச் சேர்க்கப்பட்ட பொதுமக்களில் அவ்வாறு கண்டவர்கள் நூற்றுக்கு மூவர் அளவினரே என்றும் கணக்கிடப்பட்டது. ஆகவே, அதிர்ச்சியோடு கனவுக்குள்ள தொடர்பு தற்செயலானதன்று. அத்தொடர்பு எத்தகையது, காயம் ஏன் உறக்கத்தைத் தேடி வருகிறது என்பதே கேள்வி.

இக்கேள்வியில் முதலில் இடறியவர் கனவு ஆராய்ச்சியின் மூலவராகிய பிராய்டு. 1900 என்ற ஆண்டைத் தலைப்பேட்டில் தாங்கி வெளிவந்த தம் கனவு நூலில், எல்லாக் கனவும் ஏதோவொரு விருப்பத்தின் நிறைவேற்றமே என்று அவர் துணிந்து கூறினார். முதல் உலக யுத்தம் அந்தத் துணிபை அசைத்துவிட்டது. குண்டுவீச்சில் புதையுண்டு மீட்கப்பட்ட ஒருவன் இரவுதோறும் அதே மண்ணுக்குள் மூச்சுத் திணறுகிறான் என்றால், அதில் நிறைவேறும் விருப்பம் எது? 1920-இல் எழுதிய நூலில் பிராய்டு இதை ஒளிக்காமல் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார். பயத்துக்கு ஆயத்தமாகாத தறுவாயில் மனம் தாக்கப்பட்டமையால், அந்த ஆயத்தத்தைக் காலங்கடந்தேனும் தேடிக்கொள்வதற்காகவே அது அக்காட்சிக்கு மீண்டும் மீண்டும் செல்கிறது என்பது அவர் தந்த விளக்கம். இதிலிருந்து அவர் மேலும் நடந்து, உயிர்களனைத்துக்கும் சாவை நாடும் ஓர் உந்துதல் உண்டு என்ற பெருந்தத்துவத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவ்வளவு பெரிய கட்டடத்தைத் தாங்கும் அஸ்திவாரம் அந்தக் கனவுகளில் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால், தம் கொள்கைக்கு இடையூறான உண்மையைக் கண்டபோது கொள்கையைத் திருத்த முற்பட்ட அந்த நேர்மை போற்றத்தக்கது.

பிராய்டு தத்துவம் வகுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஸ்காத்லாந்து தேசத்தில் ஒரு வைத்தியர் இக்கனவுகளோடு நேருக்கு நேராக உழன்றுகொண்டிருந்தார். எடின்பரோ நகரத்தின் புறத்தே, கிரெய்க்லாக்கார்ட் என்னுமிடத்தில், தண்ணீர்ச் சிகிச்சைக்கென்று கட்டப்பட்டிருந்த பெரிய மாளிகை 1916-இல் மனமுடைந்த இராணுவ அதிகாரிகளுக்கான ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டது. சிக்ஃபிரீட் சசூன், வில்ஃபிரட் ஓவன் என்ற இரு கவிஞர்கள் 1917-இல் அங்கே நோயாளிகளாக இருந்து ஒருவரையொருவர் அறிந்துகொண்டமையால் இலக்கிய உலகமும் அதை அறியும். பகற்பொழுதில் பந்தாட்டமும் வேடிக்கைப் பேச்சுமாக இருந்த அவ்விடம், இரவில் அலறலும் நடைபாதையில் தூக்கமற்றோர் உலாவும் காலடியோசையுமாக மாறிவிடும் என்பதைச் சசூன் பிற்காலத்தில் எழுதிய நூலொன்றில் பதிவு செய்திருக்கிறார்.

அங்கே பணியாற்றிய அந்த வைத்தியர், டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், தமிழ்நாட்டுக்கு அந்நியரல்லர். 1901-02-இல் நீலகிரியில் தங்கி, தோடர் சமூகத்தாரின் வமிசாவளிகளையும் பால்மனைச் சடங்குகளையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டெழுதி, 1906-இல் 'தோடர்கள்' என்னும் பெருநூலை வெளியிட்டவர் அவரே. முதியவர் ஒருவர் தம் குடும்பக் கிளைகளைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் அமர்ந்து கேட்ட அந்தப் பொறுமையைத்தான், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், பேச நடுங்கிய இளம் அதிகாரிகளின் படுக்கையருகில் அவர் காட்டினார் என்று எண்ணத் தோன்றுகிறது. அக்காலத்து வைத்தியர்களில் பெரும்பாலோர் இவர்களுக்குச் சொன்ன உபதேசம், யுத்தத்தை மறந்துவிடு, இனிய காட்சிகளை நினை என்பதாகும். வீட்டாரும் நண்பரும் அதையே சொன்னார்கள். அன்பினால் சொல்லப்பட்ட இந்த உபதேசமே நோயை வளர்க்கிறது என்பது ரிவர்ஸ் கண்ட முடிபு. பகலெல்லாம் வலிந்து அடக்கி வைக்கப்பட்ட நினைவு, காவல் தளரும் இரவில் அடக்கியதற்கு ஈடான வேகத்தோடு எழுகிறது என்று, 1917 டிசம்பரில் ராயல் மருத்துவக் கழகத்தார் முன்னிலையில் வாசித்த கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டினார். அக்கட்டுரையில் வரும் நோயாளிகளுள் இருவரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலாமவர், களத்தில் காணாமற்போன தம் சிநேகிதரான இன்னோர் அதிகாரியைத் தேடிப்போய், அவருடைய உடலைத் தலையும் கைகால்களும் வேறு வேறாகச் சிதறிய நிலையில் கண்டெடுத்தவர். அன்றுமுதல் அந்தச் சிநேகிதர் கனவில் வரத் தொடங்கினார்: சில இரவுகளில் களத்தில் கிடந்த கோலத்திலேயே, சில இரவுகளில் அதனினும் கொடிதாக, குஷ்டத்தால் முகமும் அவயவங்களும் அரிக்கப்பட்டவராக. அந்த உருவம் மெல்ல மெல்ல அருகே நெருங்கிவரும். உடல் வியர்வையில் நனைந்து, சொல்லொணாத் திகிலோடு இவர் விழித்துக்கொள்வார். உறங்கப் போவதற்கே அஞ்சி, பகல் முழுவதும் வரவிருக்கும் இரவை எண்ணி எண்ணியே கழித்தார். போரை நினையாதே என்ற உபதேசத்தை அவர் சிரமப்பட்டுப் பின்பற்றிக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே மறக்கலாகாது.

ரிவர்ஸ் அவரிடம் சொன்னது மிக எளியதொரு விஷயம். உடல் அவ்வளவு சிதறியிருந்ததே, அந்த நண்பர் ஒரு கணமும் வலியறியாமல் உயிர் நீத்தார் என்பதற்கு ஐயமற்ற சாட்சி. காயம்பட்டு நெடுநேரம் துடித்து இறந்த எத்தனையோ பேருக்கு நேர்ந்த வேதனை அவருக்கு நேரவில்லை. இதைக் கேட்டதும் அந்த அதிகாரியின் முகம் தெளிந்தது. இனி நினைவை விரட்டப்போவதில்லை, நண்பருக்கு நேராமற்போன துன்பத்தை எண்ணிப் பார்ப்பேன் என்றார். சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு ஓரிரவு, இரு படைகளுக்கும் இடைப்பட்ட அந்தப் பாழ்நிலத்தில் நண்பரைத் தேடிச் செல்வதாகக் கனவு கண்டார். சிதைந்த உடலையும் முன்போலவே கண்டார். ஆனால் திகில் இல்லை. குடும்பத்தாருக்கு அனுப்புவதற்காக உடலிலிருந்த பொருள்களை எடுத்துவைக்க அருகே மண்டியிட்டார். அது அன்று களத்தில் அவர் மெய்யாகவே செய்த கடமை. தோளிலிருந்து குறுக்காக இறங்கி இடுப்பில் சேரும் அதிகாரிகளின் தோல் வாரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது விழிப்பு வந்தது. விழித்தவர் மெல்ல அழுதுகொண்டிருந்தார். ஒரு நண்பனை இழந்த துயரம் மட்டுமே நெஞ்சில் இருந்தது. இன்னும் சில நாள் கழித்து, கனவில் அந்த நண்பரோடு பேசவும் செய்தார். தாம் நோயுற்ற கதையை அவரிடமே சொன்னார்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது அந்தத் தோல் வார். திகில் ஆண்ட கனவுகளில் உருவம் இவரை நோக்கி வந்தது, இவர் செயலற்றுக் கிடந்தார். மாறிய கனவில் இவரே உருவத்தை நோக்கிச் செல்கிறார். கைகள் ஒரு காரியத்தைச் செய்கின்றன. நண்பரின் வீட்டார் நினைவுக்கு வருகிறார்கள். அச்சம் இருந்த இடத்தில் துக்கம் அமர்கிறது. அந்தக் கணத்தில்தான் மரணம் முதன்முறையாக மரணமாக, கடந்த காலத்தைச் சேர்ந்ததாக, அவருக்குள் பதிந்தது என்று கொள்ளலாம். குணமடைந்து வருவோரின் போர்க்கனவு நடந்ததை நடந்தபடியே காட்டுவதை விட்டு, உருமாறத் தொடங்குகிறது என்பதை ரிவர்ஸ் பிறகும் வற்புறுத்தினார். அவர் 1922-இல் காலமானபின், மறு ஆண்டில் வெளிவந்த அவருடைய கனவு நூலின் சாரமான கருத்துகளில் இதுவும் ஒன்று. இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவதும் இதுவே: பயங்கரமான கனவு வருவது மட்டும் நோயன்று, கனவு மாறாமல் நின்றுவிடுவதே நோய்.

இரண்டாமவரின் கதை இதற்கு நேர்மாறானது. குண்டு வெடித்து எறியப்பட்ட அவர், பல நாட்களுக்கு முன் இறந்து ஊதிக்கிடந்த எதிரிச் சிப்பாயொருவனின் வயிற்றின்மேல் முகங்குப்புற விழுந்தார். விழுந்த வேகத்தில் அவ்வுடல் உடைந்தது. நினைவு தப்புமுன் தம் வாயில் நிரம்பியது என்ன என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சுவையும் நாற்றமும் பின்னர் அவரை விடவேயில்லை. இந்த அனுபவத்தில் பற்றிக்கொள்வதற்கு நல்ல அம்சம் ஒன்றேனும் உண்டா என்று ரிவர்ஸ் தேடினார், இல்லை. எதிர்கொள் என்று சொல்வது இங்கே கொடுமையாகும் என உணர்ந்து, இராணுவத்தை விட்டு நாட்டுப்புறத்துக்குச் சென்று அமைதியாக வாழ்வதே தக்கதென்று கூறினார். தம் கொள்கைக்கு இணங்காத இந்நோயாளியை அவர் மறைக்காமல் எழுதிவைத்தமையால்தான், முதலாமவரைப் பற்றி அவர் சொல்வதையும் நாம் நம்புகிறோம். இஸ்ரேலில் பெரெட்ஸ் லவி என்ற உறக்க நிபுணர், நாஜிகளின் இனப்படுகொலையிலிருந்து மீண்டவர்களைக் கனவுறக்கத்தினிடையே எழுப்பிக் கேட்டபோது, வாழ்க்கையில் நன்கு நிலைபெற்றவர்களே மிகக் குறைவாகக் கனவை நினைவுகூர்ந்தார்கள் என்பதையும் இதனோடு வைத்து எண்ண வேண்டும். மறதியும் சிலருக்கு அருமருந்தாகிறது. எல்லா நெஞ்சையும் கிளறியே ஆகவேண்டும் என்ற ஒரே விதி இல்லை.

ரிவர்ஸ் காலத்தில் உறக்கத்தின் உள்ளமைப்பு எவருக்கும் தெரியாது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குபவரின் மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும் பருவம் ஒன்றிருப்பதைக் கண்டு வெளியிட்டனர். சுமார் தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒருமுறை சுழன்று வந்து, விடியலை நெருங்க நெருங்க நீளும் அப்பருவத்தில்தான் தெளிவான கனவுகளில் பெரும்பாலானவை தோன்றுகின்றன. அப்போது மூளை விழித்திருப்பதுபோல் இயங்கினாலும், தசைகள் கட்டுண்டு கிடக்கின்றன. உணர்ச்சியை எழுப்பும் பகுதிகள் சுறுசுறுப்பாயிருக்க, விழிப்பையும் படபடப்பையும் தரும் நோரட்ரினலின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக் கூட்டமோ ஏறக்குறைய முற்றாக ஓய்ந்துவிடுகிறது. துன்ப நினைவு உடலின் பதற்றமின்றி மனத்தில் மீண்டும் உலவுவதற்கு இந்த ஓய்வே வாய்ப்பளிக்கிறது என்றும், பல இரவுகள் இவ்வாறு உலவியபின் சம்பவம் நினைவில் நிற்க, அதன் கொடுக்கு மழுங்கிவிடுகிறது என்றும் இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். இது இன்னும் அனுமானமே ஆயினும், வேறு பல உண்மைகளோடு பொருந்துகிறது. பேரதிர்ச்சியால் நோயுற்றவரிடம் அந்த நரம்புக் கூட்டம் முற்றாக அடங்குவதில்லை என்று கருதப்படுகிறது. கனவுறக்கம் துண்டு துண்டாக அறுகிறது. காட்சி ஒரு முடிவுக்கு வருமுன்னரே திகில் உச்சமடைந்து அவரை எழுப்பிவிடுகிறது. மனம் தன் வேலையைத் தொடங்குகிறது, முடிப்பதில்லை. மறுநாளும் முதலிலிருந்து தொடங்குகிறது.

அதிர்ச்சி கனவுக்குள் புகுவதை இயற்கையே ஒருமுறை பரிசோதனை போல நடத்திக் காட்டியது. 1989 அக்டோபர் 17-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைப் பூகம்பம் உலுக்கியபின், அங்குள்ள மாணவர்களின் கனவுகளும், தொலைவிலுள்ள அரிசோனா மாணவர்களின் கனவுகளும் ஒப்பிடப்பட்டன. அதிர்வை அனுபவித்தவர்கள் மற்றவர்களைப்போல் இருமடங்கு துர்ச்சொப்பனம் கண்டார்கள். பலருடைய கனவுப் பொருளே பூகம்பமாக இருந்தது. பெரும்பாலோருக்கு இது நாளடைவில் தானே தணிந்துவிடும். தணியாமல் நின்றுவிடுவோர்தாம் சிகிச்சைக்குரியவர்கள்.

அச்சிகிச்சைகளில் இரண்டை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். முதலாவது வியக்கத்தக்க எளிமையுடையது. நோயாளி தம் துர்ச்சொப்பனம் ஒன்றை விழித்த நிலையில் எடுத்துக்கொண்டு, அதைத் தமக்கு விருப்பமான விதத்தில் எவ்வாறேனும் மாற்றி எழுத வேண்டும். மாற்றிய கனவை நாள்தோறும் பத்து இருபது நிமிஷம் மனக்கண்ணில் ஓட்டிப் பழக வேண்டும். எப்படி மாற்ற வேண்டுமென்று வைத்தியர் கட்டளையிடுவதில்லை. பாரி க்ராக்கோவும் அவருடைய கூட்டாளிகளும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 168 பெண்களிடம் இம்முறையைச் சோதித்து 2001-இல் வெளியிட்ட முடிவில், பயிற்சி பெற்றவர்களுக்குத் துர்ச்சொப்பனம் குறைந்ததோடு உறக்கமும் பகற்கால நோய்க்குறிகளும் சீர்பட்டன. கிரெய்க்லாக்கார்ட் அதிகாரிக்கு ஒரு நல்வார்த்தையால் தானாக நிகழ்ந்த மாற்றத்தை, இவர்கள் பயிற்சியால் வருவித்தார்கள் எனலாம். மற்றொன்று மருந்து: இரத்த அழுத்தத்துக்கென வழங்கப்பட்டுவந்த பிரசோசின், நோரட்ரினலினின் செயலைத் தடுப்பதால் துர்ச்சொப்பனத்தைத் தணிக்கும் என்று சியாட்டில் நகரத்து மரே ராஸ்கிண்ட் குழுவினரின் சிறிய ஆய்வுகள் காட்டின. ஆனால் முன்னாள் படைவீரர் 304 பேரைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியான பேராய்வில், வெறும் மாத்திரையைவிட அது மேலானதாகத் தெரியவில்லை. சிலருக்கு அது உதவுகிறது என்று கருதி இன்றும் கொடுக்கும் வைத்தியர்கள் உளர். எல்லாருக்கும் உரிய மருந்து என்று சொல்வதற்கில்லை.

கனவை மாற்றுவதற்கு முன் அதைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லெவி, ஆஷ்விட்ஸ் முகாமில் இருந்தபோது தமக்கு மீண்டும் மீண்டும் வந்த ஒரு கனவை 1947-இல் வெளியான தம் நூலில் விவரிக்கிறார். வீடு திரும்பித் தாம் பட்டதையெல்லாம் சுற்றத்தாருக்குச் சொல்லத் தொடங்குகிறார்; அவர்கள் கேட்கவில்லை; தமக்குள் வேறேதோ பேசிக்கொள்கிறார்கள்; சகோதரி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறாள். உடனிருந்தவர் பலருக்கும் அதே கனவு வந்ததென்று அறிந்து லெவி திகைக்கிறார். பசியும் அடியும் சாவும் சூழ்ந்த இடத்தில், கேட்பார் இல்லாமற்போகும் பயம் இவ்வளவு பேரின் உறக்கத்தைப் பிளந்தது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

நமக்கு இது தூரதேசத்துச் செய்தி அன்று. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அங்குள்ள தமிழ் மக்களின் உள்ளத்தில் யுத்தம் விட்டுச்சென்ற வடுக்களை ஆராய்ந்து 1998-இல் ஒரு பெருநூல் எழுதினார். அந்த யுத்தம் அதன் பிறகும் நீண்டு, 2009-இல் முடிந்தது. கடல் பொங்கிய 2004 டிசம்பருக்குப் பின் நம் கரையோர ஊர்களில் பிழைத்தவர்களும், குண்டுவீச்சிலிருந்தும் முகாம்களிலிருந்தும் தப்பி ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறியவர்களும், வீட்டுக்குள்ளேயே வன்முறைக்கு ஆளாகி வெளியே சொல்லாத பெண்களும் குழந்தைகளும் நம்மிடையே வாழ்கிறார்கள். இரவில் அலறி எழுபவருக்கு நாம் திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து, ஒன்றுமில்லை, படுத்துக்கொள் என்கிறோம். அதில் அன்பு இருக்கிறது, அந்த அன்பை நான் குறை கூறேன். ஆயினும் ஒன்றுமில்லை என்ற சொல், போரை மறந்துவிடு என்று கிரெய்க்லாக்கார்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் சொல்லப்பட்ட அதே சொல்தான்.

ஆஸ்பத்திரிகளில் நம் மருத்துவர்கள் தூக்கம் வருகிறதா என்று கேட்டு, வரவில்லை என்றால் அதற்கொரு மாத்திரை எழுதுகிறார்கள். தூங்கினால் என்ன காண்கிறீர்கள், அது எத்தனை காலமாக வருகிறது, எப்போதும் ஒரே மாதிரி வருகிறதா என்ற இன்னும் மூன்று கேள்விகளையும் அவர்கள் சேர்த்துக் கேட்க வேண்டும். வீட்டிலுள்ளோரும், பாதிக்கப்பட்டவர் சொல்ல விரும்பும் வேளையில், அவசரப்படுத்தாமலும் அறிவுரை கூறாமலும் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்ல விரும்பாதவரைத் துருவவும் வேண்டாம். ஒரே கனவு மாதக்கணக்கில் மாறாமல் வருமாயின், அது தலைவிதியோ பேயோ அன்று, சிகிச்சைக்கு இணங்கும் ஒரு வியாதி என்று எடுத்துச் சொல்லி, அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.